வாஹித் பாஷா வச்ச கழிவுக் கல்

நான் பேய் பிசாச நம்புறவ இல்ல. இத மொதல்லயே சொல்லிடறேன். அப்புறமா "பட்டம்மா கத கட்டுறா"ன்னு யாரும் வாய் பேசக் கூடாது. அடுப்பாண்ட நின்னே என் வயசு போச்சு. கண்ணால பாத்தத மட்டும்தான் சொல்லுவேன். பாத்தது புரியலன்னா, புரியலன்னும் சொல்லுவேன்.

வெள்ளக்காரன் காலத்துல ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவுல, பாலாத்து ஓரமா ஒரு கொட்டகை இருந்துச்சு. தேறுற கொட்டகைன்னு பேரு. ஜுரத்துல கெடந்து எழுந்தவங்க, கையோ காலோ எடுத்தவங்க, தோல் பதம் பண்ற ஷாப்புல சுண்ணாம்புக் குழியில விழுந்து வெந்தவங்க, இவங்கள வைத்தியம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு அனுப்பினா மறுபடி படுத்துக்குவாங்க. அதனால இங்க கொஞ்ச நாள் வச்சு, சோறு போட்டு, நடக்கப் பழக்கி, வேலைக்கு ஆகுற ஒடம்பா ஆக்கி அனுப்புறது. மருந்து கம்மி, சாப்பாடு ஜாஸ்தி. ஆக்கிப் போடுறவ நான். யாருக்கு இன்னா சாப்பாடு, எவ்ளோ சாப்பாடுன்னு அளந்து சொல்றவரு வாஹித் பாஷா பாய். அவரு கதைதான் இது.

பாய் ஆம்பூர் தோல் மண்டியில எடை போட்ட ஆளு. யாவாரிங்க பச்சத் தோல ராவெல்லாம் தண்ணியில ஊறப் போட்டு கொண்டாருவானுங்க, எடை ஏறட்டும்னு. பாய் தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்துவாரு. விழுந்த குழி அப்படியே நின்னுச்சுன்னா, "தண்ணி, எடுத்துட்டுப் போ"ம்பாரு. அப்புறம் இன்னொண்ணு இருக்கு, கழிவுக் கல். தோல்ல ஒட்டிட்டு இருக்குற உப்பு, சாணி, குளம்பு இதெல்லாம் தோல் ஆகாது இல்லையா? அதுக்கு ஈடா ஒரு கல்ல எடைக்கல்லு தட்டுல மொதல்ல வச்சிடுவாங்க. அதுக்கு மேல ஏத்துற இரும்புக் கல்லுதான் கணக்கு. எந்தத் தோலுக்கு எந்தக் கல்லுன்னு பாய் பாத்தவுடனே சொல்லுவாரு.

ஒரு தடவ முதலாளி காதோட காதா கேட்டாராம், "வாஹித், அந்தக் கட்டைவிரல லேசா தராசு மேல வையேன்"னு. பாய் சொன்னது மண்டியே கேட்டுச்சாம். "கியாமத் நாள்ல அல்லா எனக்கும் ஒரு தராசு வைப்பான் முதலாளி. அன்னிக்கு இந்த விரலே எனக்கு எதிரா சாட்சி சொல்லும். நம்மால ஆவாது." அப்படி ஒரு மனுசன். நல்லவருதான், ஆனா நல்லவங்களோட ஒரே சமையக்கட்டுல குப்ப கொட்டுறது எவ்ளோ பேஜாருன்னு எனக்குத்தான் தெரியும்.

சுண்ணாம்புக் குழியாண்ட வழுக்கி விழுந்து, கால்ல புண்ணு வச்சு, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. கொட்டகைக்கு நோயாளியா வந்தவரு கக்கத்துல கட்டையோட அங்கயே தங்கிட்டாரு. எங்க டாக்டரம்மா ஆளுங்கள எடை பாக்கணும்னு மண்டியில கழிச்சுப் போட்ட பெரிய தராசு ஒண்ண வாங்கி வந்தாங்க. கூரை விட்டத்துல தொங்கும். ஒரு பக்கம் சங்கிலியில கட்டுன பலகை, இன்னொரு பக்கம் இரும்புத் தட்டு. அந்தப் பலகைய நான் எத்தனயோ தடவ சாம்பல் போட்டுத் தேச்சுட்டேன். உப்பும் ரத்தமும் ஊறுன கறுப்பு போகவே இல்ல. மழக்காலத்துல அதுலருந்து ஆட்டு வாட வரும். தோல் தொங்குன எடத்துல நாம போய்க் குந்தறோமேன்னு ஒவ்வொருத்தருக்கும் மொதல் தடவ ஒடம்பு கூசும்.

சனிக்கெழம காலையில எடை. பாய்க்கு எடை பாதி, கேள்வி பாதி. "வீட்டுக்குப் போய் இன்னா வேலை? குழியிலருந்து தோல் தூக்குறியா? அப்போ பட்டம்மா, இவனுக்கு முழுச் சோறு, ரெண்டு முட்டை, காராமணி." "பல்லு இல்லையா ஆயா? உங்களுக்குக் கேவுரு கஞ்சி, பால் ஊத்தி." பீடி சுத்துறவனுக்கு ஒண்ணு, பால் குடுக்குறவளுக்கு ஒண்ணு. சாப்புட்ட அன்னிக்கு வயிறு இன்னா பண்ணுச்சுன்னு கூடக் கேப்பாரு, வெக்கமே இல்லாம. எடை ஏற ஏற பாலையும் முட்டையயும் கொறைக்கணும், போதுமான எடை வந்துட்டா வீட்டுக்கு அனுப்பணும். இது டாக்டரம்மா போட்ட சட்டம். நானும் அவரும் சண்ட போடாத சனிக்கெழம கிடையாது. "உங்க தராசு சொல்லுதுன்னு நான் முட்டை போட முடியுமா பாய், கோழிதான போடணும்?"னு கத்துவேன். அவரு சிரிக்க மாட்டாரு. அது இன்னும் எரிச்சல்.

அப்படி இருக்குறப்பதான் தில்ஷாத் வந்தா.

சின்னப் பொண்ணு. பேரணாம்பட்டுக்காரி. புருசன் காலராவுல போயாச்சு. இவளும் இவ ஆம்பளப் புள்ளையும் ஜுரத்துல படுத்தாங்க. புள்ளைக்கு அப்போதான் நடை வந்திருந்துச்சாம். இவ எழுந்தா, அது எழல. அவ அண்ணங்காரன் கொண்டாந்து விட்டுட்டு, தேறுனதும் சொல்லி அனுப்புங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்னான். மொதல் எடையில பாத்தா எலும்பும் தோலும்தான். பாய் கண்ண மூடிட்டு, "முழுச் சோறு, பால், முட்டை, ஆட்டெலும்புச் சுர்வா, எல்லாம் குடு"ன்னாரு. நானும் ஆக்கிப் போட்டேன். தட்டு கழுவுன மாதிரி சுத்தமா திரும்பி வந்துச்சு. என் கைப்பக்குவம்னு பெருமையா இருந்துச்சு எனக்கு.

அடுத்த சனிக்கெழம எடை ஏறியிருந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் ஏறுச்சு. ஆனா அவ மூஞ்சப் பாத்தா? கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திட்டு, கன்னம் குழி விழுந்து, பொடவ தோள்ல நிக்காம வழுக்குது. வாராவாரம் ஒட்டிட்டே வர்றா. தராசு மட்டும் ஏறிட்டே போவுது. சேல கணுக்கால மூடி இருக்கும், அவ கோஷாப் பொண்ணு, கால யாரும் பாத்ததில்ல.

இன்னொண்ணும் நடந்துச்சு. எல்லாரும் கூசிட்டு ஏறுற பலகையில அவ மட்டும் ஆசையா ஏறுவா. சங்கிலியப் புடிக்க மாட்டா. ரெண்டு கையயும் மடியில வளச்சு வச்சுட்டு, பலகைய லேசா ஆட்டுவா. வாய்க்குள்ளயே முணுமுணுன்னு இன்னாவோ பாடுவா. தூளி ஆட்டுற மாதிரியே இருக்கும். பொம்பளைங்க சுத்தி நின்னு பாத்தாங்க. அப்புறம் ஒருத்தி மெதுவா சொன்னா, "ஏறுறது அவ ஒருத்தி இல்லம்மா. ரெண்டு பேரு ஏறுறாங்க." அவ்ளோதான், கொட்டகை பூரா அதே பேச்சு. பக்கத்துக் கட்டில்காரி கட்டில மாத்திக் கேட்டா.

"வாய மூடுங்கடி, தின்ன சோறு செரிக்கலையா?"ன்னு நான் திட்டுனேன். ஆனா பாய் திட்டல. அவரு தராச எறக்கி, இரும்புக்கு எதிர் இரும்பு வச்சு சரி பாத்தாரு. முள்ளு முடியளவு கூட பெசகல. தராசு பொய் சொல்லாதுங்கறது அவரு நம்பிக்க. பொண்ணு தேயுறா, அதுவும் கண்ணுக்குத் தெரியுது. அப்போ மிச்ச எடை யாருது?

அவரு போய் தில்ஷாத்துக்கிட்டயே கேட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன். "பேட்டி, மகளே, புள்ள எவ்ளோ கனம் இருந்தான்?"

அவ பயப்படல, அழல. எழுந்து வாசலுக்குப் போனா. ஆத்துக் கல்லு கொட்டிக் கெடந்துச்சு அங்க. ஒவ்வொண்ணா எடுத்து இடுப்புல வச்சுப் பாத்தா. இது இல்ல, இது இல்லன்னு போட்டுட்டே வந்தா. கடைசியா ஒரு வழவழன்னு இருந்த கல்ல தூக்கி இடுப்புல வச்சவ அப்படியே நின்னுட்டா. மூஞ்சி மாறிப்போச்சு. "இவ்ளோதான் சாச்சா. இதே கனம்"னு சொல்லி, அவரு கையில குடுக்கவே மனசு வராம குடுத்தா.

அந்த சனிக்கெழம பாய் அந்தக் கல்ல ஒரு துணியில சுத்தி, இரும்புத் தட்டுல மொதல்ல வச்சாரு. கழிவுக் கல்! அதுக்கு மேல இரும்பு ஏத்துனாரு. கணக்குப் பாத்தா தில்ஷாத் வந்த அன்னிக்கு இருந்தத விட கம்மி. பாய் சத்தமா சொன்னாரு, "தேறல. பாலையும் முட்டையயும் கொறைக்காத பட்டம்மா."

கம்பவுண்டர் இருதயராஜ் குதிச்சான். டாக்டரம்மா மெட்ராஸ் போயிருந்தாங்க, அவன் ராஜ்ஜியம் அப்போ. "இன்னா பாய், பேய்க்குக் கழிவு போடுறியா? மொத்த எடை எப்பவோ தாண்டியாச்சு. அவங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பிட்டேன், ஜட்கா வண்டி வருது. கட்டில் வேணும்பா, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க." அவன் சொன்னதும் ஞாயம்தான், சட்டப்படி.

"கழிவு போக அவ தேறலை. இவள அனுப்பினா செத்துருவா. நான் விட மாட்டேன்"னாரு பாய். கட்டைய ஊனிட்டு வாசப்படியிலயே குந்திட்டாரு.

எனக்கு ரெண்டு பேரு மேலயும் கோவம். நான் போடுற சோறு எங்கதான் போவுதுன்னு அன்னிக்கு மத்தியானம் தட்ட வச்சுட்டு, போற மாதிரி போய்க் கதவிடுக்குல நின்னேன். தில்ஷாத் கஞ்சித் தண்ணிய மட்டும் குடிச்சா. முட்டைய உரிச்சு, சின்னச் சின்னதா கிள்ளி, ஜன்னல் திட்டுல வரிசையா வச்சா. பக்கத்துல பால் கிண்ணம். ஊதி ஊதி ஆத்தி வச்சா. "ஆஜா பேட்டா, வாப்பா, சாப்புடு"ன்னா. அப்புறம் திரும்பி உக்காந்துக்கிட்டா, புள்ள கூச்சப்படாம சாப்பிடட்டும்னு. காக்கா வந்து எல்லாத்தயும் துடைச்சுட்டுப் போச்சு. அவ திரும்பி காலியான திட்டப் பாத்து சிரிச்சா.

ஐயோ, நான் உள்ள பாஞ்சேன். "அடிப்பாவி! காக்கா திங்குறதுக்கா நான் பொகையில வேவுறேன்?"னு அவ தோளப் புடிச்சு உலுக்குனேன். கையில பிடி கெடைக்கல, அவ்ளோ எளச்சிருந்தா. அவ என்னப் பாத்து சிரிச்சுட்டே இருந்தா. எனக்கு அழுவாச்சி வந்துடுச்சு.

நல்ல வேளை, ஜட்காவும் டாக்டரம்மாவும் ஒண்ணாத்தான் வந்து சேந்தாங்க. நான் பாத்தத சொன்னேன், கம்பவுண்டர் அவன் பக்கத்த சொன்னான், பாய் கல்லக் காட்டுனாரு. டாக்டரம்மா சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. தில்ஷாத்த உக்கார வச்சு, சேல ஓரத்த கொஞ்சமா தூக்குனாங்க. காலா அது? மேல கழி மாதிரி ஒடம்பு, கீழ வீங்கி மினுமினுன்னு ரெண்டு தூணு. டாக்டரம்மா கட்டைவிரலால அழுத்துனாங்க. குழி விழுந்துச்சு. விரல எடுத்தாங்க. குழி மூடல.

"சத்து இல்லாத ஒடம்புல தண்ணி கோத்துக்கும். எடை ஏறும், ஆள் தேய்வா"ன்னாங்க. "இன்னிக்கு வீட்டுக்குப் போயிருந்தா மாசம் தாங்காது. பாய், யாருக்குன்னு கழிச்சீங்களோ, நீங்க கழிச்சது சரியான கழிவு. தண்ணியத்தான் கழிச்சிருக்கீங்க."

பாய் அந்தக் குழியவே பாத்துட்டு நின்னாரு. தன் கட்டைவிரலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எத்தன ஆயிரம் தோல அழுத்திப் பாத்த விரலு"ன்னாரு. "பொம்பளப் புள்ள கால எப்படித் தொடறதுன்னு இருந்துட்டேன்."

அதுக்கப்புறம் நானே பக்கத்துல குந்தி ஊட்டுனேன். ஜன்னலச் சாத்திட்டேன். மொதல்ல பால்ல தொட்டுக் கொஞ்சம், அப்புறம் முட்டை, அப்புறம் கொழைய வேவ வச்ச பருப்பு. டாக்டரம்மா சொன்ன மாதிரி மெள்ள மெள்ள. ஒடம்பு தண்ணிய விட்டுச்சு. கால் வத்துச்சு. தராசுல எடை எறங்குச்சு. டாக்டரம்மாவுக்கு சந்தோசம். எனக்கும்தான்.

தில்ஷாத்துக்கு?

பலகையில உக்காந்து, பாய் இரும்ப ஒவ்வொண்ணா எடுக்குறத அவ பாத்துட்டே இருந்தா. மறு வாரம் இன்னும் ஒண்ண எடுத்தாரு. கீழ எறங்கி வந்தவ என்கிட்ட கேட்டா, "அக்கா, நான் திங்கத் திங்க அவன் எறங்கிப் போறான் இல்ல?" நான் டாக்டரம்மா சொன்னதயெல்லாம் சொன்னேன். தண்ணி, சத்து, வீக்கம். பொறுமையா கேட்டா. கேட்டுட்டு, "அவன் ஒருத்தன்தான்க்கா எனக்கு"ன்னா. அன்னியிலருந்து பல்ல இறுக்கிக்கிட்டா. கரண்டி உள்ள போவல. கெஞ்சுனேன், மெரட்டுனேன், மூக்கப் புடிச்சேன். வாயோரமா வழிய விட்டுட்டா. "இப்படியே போனா வர்ற வாரம் பாக்க மாட்டா"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

பாய் ரெண்டு நாளு தொழுதாரு. அப்புறம் டாக்டரம்மாகிட்ட போய் நின்னாரு. "அம்மா, இந்த வாரம் தில்ஷாத் எடைய நான் சரியா சொல்ல மாட்டேன். உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடறேன்."

டாக்டரம்மா அவரு விரலப் பாத்தாங்க. "அவ காலு என் விரலுக்குப் பதில் சொல்லும், எனக்கு அது போதும். உங்க விரல நீங்க பாத்துக்கோங்க பாய்"னாங்க.

சனிக்கெழம. கழிவுக் கல்ல மொதல்ல வச்சாரு. இரும்பு ஏத்துனாரு, பழைய கணக்குக்கே. தில்ஷாத் லேசாயிட்டா, பலகை மேல எழும்பிடும், எனக்குத் தெரியும். எழும்பல. பலகை ஆடாம இருக்கப் புடிச்ச மாதிரி பாய் ஒரு கைய வச்சிருந்தாரு. கட்டைவிரலு மட்டும் வெளுத்துப் போய் அழுந்தியிருந்துச்சு. முள்ளு நேரா நின்னுச்சு. "இருக்கான் பேட்டி"ன்னாரு. "உன் புள்ள எங்கயும் போவல. நீ சாப்புடு. நீ சாப்புட்டாதான் அவன தூக்கிட்டு உக்கார தெம்பு இருக்கும்."

அவரு நெத்தியில வேர்வை. தில்ஷாத் மடியக் குனிஞ்சு பாத்து, கண்ணு நெறைய தண்ணியோட சிரிச்சா. அன்னிக்கு மத்தியானம் வாயத் தொறந்தா.

"மண்டியில கோடி ரூபா குடுத்தாலும் வச்சிருக்க மாட்டேன் பட்டம்மா"ன்னாரு அப்புறமா. "அல்லா கேப்பான். நான் இன்னா பதில் சொல்லப் போறேன்?" வாராவாரம் விரல் வச்சாரு. வாராவாரம் அவரு மூஞ்சி செத்துட்டே வந்துச்சு. அவ மூஞ்சி தெளிஞ்சுட்டே வந்துச்சு. சுர்வா குடிச்சா, முட்டை தின்னா, முருங்கக்கீரை இன்னும் வேணும்னு கேட்டா. கை ரெண்டுலயும் சதை புடிச்சு வளையல் நின்னுச்சு. கால்ல குழி விழல.

போற நாளும் வந்துச்சு. அண்ணங்காரன் வாசல்ல ஜட்காவோட நிக்கிறான். நல்ல வெயிலு. நான் வழிக்குச் சோத்து மூட்டையோட தராசாண்ட நின்னேன். டாக்டரம்மாவும் இருந்தாங்க. பாய் என்கிட்ட மெதுவா சொன்னாரு, "இன்னிக்கு விரல் வைக்க மாட்டேன். போறவளுக்குப் பொய்யக் கட்டிக் குடுத்தனுப்ப என்னால ஆவாது." ரெண்டு கையயும் கக்கத்துக் கட்டை மேலயே வச்சுக்கிட்டாரு.

கழிவுக் கல்லு. அதுக்கு மேல இரும்பு. முள்ளு நேரா நின்னுச்சு.

அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. நான் போட்ட சோறு, சதை போட்டிருக்கா, எடை வந்திருக்கு. நான் அப்படித்தான் நெனச்சேன். டாக்டரம்மா கூட தலையாட்டுனாங்க.

அப்புறம் பாய் வழக்கம் போல இரும்பெல்லாத்தயும் எடுத்தாரு, பலகை தரையில குந்துச்சு. தட்டுல கழிவுக் கல்லு மட்டும் கெடந்துச்சு. தில்ஷாத் பலகைய விட்டு எறங்கி, செருப்ப மாட்டிட்டு ரெண்டு அடி நடந்தா. இப்போ பலகை காலி. கல்லு இருக்குற தட்டு டக்குனு கீழ எறங்கணும். எத்தன வாரம் பாத்திருக்கேன் அந்த டக்க. எறங்கல. காலிப் பலகை மெள்ள எழும்பி, கல்லுக்கு சரிசமமா வந்து, அங்கயே நின்னுச்சு. முள்ளு நேரா. லேசா ஆடுச்சு பலகை, முன்னயும் பின்னயும், தூளி மாதிரி.

காத்து கூட இல்ல அன்னிக்கு. பாய் கை ரெண்டும் கட்டை மேல. டாக்டரம்மா கை முதுகுக்குப் பின்னால. என் கையில சோத்து மூட்டை.

தில்ஷாத் திரும்பிப் பாத்தா. விளையாட்டுக்கு வராம நிக்குற புள்ளையப் பாக்குற மாதிரி செல்லமா மொறச்சா. கைய நீட்டுனா. "ஆஜா பேட்டா. மாமா வந்திருக்காரு பாரு. ஜல்தி."

அப்போதான் கல்லு எறங்குச்சு. டக்குனு தரையில முட்டுச்சு, பலகை விட்டத்தாண்ட துள்ளுச்சு. தில்ஷாத் விரல மடக்கி, எதயோ புடிச்ச கையோட, அவ நடைய விட சின்ன நடையா நடந்து ஜட்காவுக்குப் போனா.

டாக்டரம்மா உள்ள போய்ட்டாங்க. அதப் பத்தி அவங்க கடைசி வரைக்கும் பேசல, நானும் கேக்கல. சோத்து மூட்டைய குடுக்க மறந்துட்டேன், அது கையிலயே இருந்துச்சு.

வாஹித் பாஷா பாய் அப்படியே மண்ணுல குந்திட்டாரு. அழறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. தன் கட்டைவிரல என் மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டுனாரு.

"பட்டம்மா, அப்போ நான் பொய் எடை போடலையா?"ன்னு கேட்டாரு.